எவர்சில்வர் டப்பாவில் ஒன்பது நாள்

சவுரிமுத்துவின் சாப்பாட்டு டப்பா மட்டும் ஒழுகாமல் இருந்திருந்தால் லோகநாயகி தன் பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டு, பேரும் புகழுமாக ரிட்டையர் ஆகியிருப்பாள். ஒழுகித் தொலைத்ததே! அதுவும் எப்போது? எல்லாம் முடிந்து, வெளிநாட்டுக்குப் போன தபாலுக்குப் பதில் எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்கூடத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கனிம ஆய்வுக்கூடம். லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. இரும்புலியூரிலிருந்து பஸ் பிடித்து, மழைத் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, அந்த நாற்பத்திரண்டையும் ஏறி முடிப்பதற்குள் லோகநாயகிக்கு முழங்கால் இரண்டும் விட்டுப் போய்விடும். வயது ஐம்பத்தாறு முடிந்து பத்து மாதம். இன்னும் பதினான்கு மாதம் இதை ஓட்டியாக வேண்டும்.

எக்ஸ்ரே பிரிவில் அவள் உதவியாளர். யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பொடித்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்து, எக்ஸ்ரேயில் மணிக்கணக்காக வைத்தால் ஒரு ஃபிலிம் துண்டில் கறுப்புக் கோடுகள் விழும். கனிமத்துக்குக் கனிமம் கோடுகள் வேறு. அந்தக் கோடுகளை லென்ஸ் வைத்து அளந்து, தெரிந்த கனிமங்களின் கோடுகளை அச்சிட்டு அலமாரி நிறைய வைத்திருக்கும் அட்டைகளோடு ஒப்பிட்டு, இது இன்னது என்று சொல்ல வேண்டும். இருபத்து நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னதை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள், பேராசிரியர் ஆனார்கள். ஒரு கட்டுரையிலாவது அவள் பேர் உண்டா? கடைசி வரியில், ‘ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு நன்றி’ என்று இருக்கும். அதையும் சில பேர் போடுவதில்லை. எப்படித்தான் மனசு வருகிறதோ.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அந்தமானுக்கு அந்தப் பக்கம் யாரும் குடியில்லாத ஒரு தீவில், நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்த எரிமலை போன வருஷம் விழித்துக்கொண்டது. எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு மட்டும் இல்லை. பாறை வெடிப்புகளில் சூடான ஆவி சீறிக்கொண்டு வரும். வெளிக்காற்று பட்டு அது ஆறும்போது வெடிப்பின் ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக உப்பு படியும். ஆவியிலிருந்து நேரே பிறக்கிற கனிமம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத புதுச் சரக்கு கிடைத்தாலும் கிடைக்கும். அதை எடுத்துவர இயக்குநர் பத்ரிநாராயணனும் கடைநிலை ஊழியன் சவுரிமுத்துவும் கப்பலில் போனார்கள். இயக்குநருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. தீவில் இறங்கி, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உப்பைச் சுரண்டியது சவுரிமுத்து ஒருவன்தான். ஆனால் ‘நான் நேரில் சேகரித்தது’ என்று எழுதும்போது மட்டும் இயக்குநருக்கு வாந்தி நினைவுக்கு வரவில்லை.

அந்த உப்பில்தான் லோகநாயகி பச்சை நிறத்தில் சில மணிகளைப் பார்த்தாள். ரவையைவிடச் சிறியவை. ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஃபிலிம் எடுத்தாள். விழுந்த கோடுகள் எந்த அட்டையிலும் இல்லை. தாம்பரத்துக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அந்த மணிகள் அரை நாளில் கசிந்து குழைந்துவிடும். மூடியிட்ட கண்ணாடி ஜாடியில் வைத்து, கரண்ட் போனால் விசிறிக்கொண்டு, மறுபடி மறுபடி எடுத்துப் பதினான்கு மாதம் மல்லுக்கட்டினாள். வேறோர் ஊருக்கு அனுப்பி ரசாயனம் பார்த்ததில் இரும்பு, குளோரின் இவற்றோடு குரோமியமும் நிக்கலும் இருப்பதாக அறிக்கை வந்தது. எரிமலை உப்பில் குரோமியமா என்று அவளுக்கு முதலில் சந்தேகம்தான். பம்மல் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோம் உப்பு மூட்டை மூட்டையாகப் புழங்குகிறதே, அந்தத் தூசி ஏதாவது வந்து விழுந்திருக்குமோ என்று ஆய்வுக்கூடத் தண்ணீரையும் ஜன்னல் தூசியையும் சோதித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவளும் நம்பிவிட்டாள். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினாள்.

புதுக் கனிமம் என்றால் நாமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வெளிநாட்டில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. விவரங்களை அனுப்பினால், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொள்வார்கள். இயக்குநர் விண்ணப்பம் அனுப்பினார். முதல் பேர் அவருடையது. இரண்டாவது பேர், இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, லோகநாயகி. கனிமத்துக்குத் ‘தாம்பரைட்’ என்று பேர் வைக்கலாம் என்று அவர் எழுதியிருந்தார். டைப் அடித்த காகிதத்தில் தன் பேரைப் பார்த்துவிட்டு லோகநாயகி பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

வீட்டில் அவள் கணவர் சுப்ரமணியன், ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், காலனி முழுக்கத் தண்டோரா போடாத குறை. பால் பூத்தில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். “எங்க வீட்டம்மா ஒரு கல்லு கண்டுபிடிச்சிருக்கா. உலகத்துலயே இல்லாதது” என்று காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. சவுரிமுத்து மேசையில் டப்பாவை வைத்தான். அடியிலிருந்து சாம்பார் கோடாக ஒழுகி ரிஜிஸ்தர் பக்கம் போனது.

“ஐயையோ, ரிஜிஸ்தரை எடு! மூடியைச் சரியா மூடலையா நீ?”

“மூடிலாம் டைட்டாதான்க்கா கீது. அடில ஓட்ட வுழுந்துகினு கீது. எவர்சில்வர்ல ஓட்ட வுழுமாக்கா? எங்க வூட்டுக்காரி என்னப் போட்டு அப்டி ஏசறா. அவங்கம்மா சீரா குட்த்தது. பேரு வெட்டி கீது பாருங்க, செல்வமேரின்னு.”

லோகநாயகி டப்பாவைக் கையில் எடுத்தாள். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் வழக்கமாக வெட்டுவதுபோல, விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேரும் தேதியும். நல்ல கனமான டப்பா. ஆனால் உள்ளே அடிப்பாகம் முழுக்க ஊசியால் குத்தியதுபோல் குழி. இரண்டு மூன்று குழிகள் வெளிப்பக்கமே வந்துவிட்டன.

“எதைப் போட்டு வச்சே இதுல? ஆசிட் கீசிட் பட்டுதா?”

“ஆசிட்லாம் இல்லக்கா.” சவுரிமுத்து வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எரிமலைக்குப் போய்ட்டு வந்த டப்பா இது. அத்தோட சூட்லதான் போச்சோ இன்னாவோ.”

லோகநாயகி டப்பாவைக் கீழே வைத்தாள். “எரிமலைக்கு டப்பா எதுக்குப் போச்சு? கண்ணாடி பாட்டில்லதானே எடுத்தே?”

“சாருக்குச் சொல்லிடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். படகுலேருந்து எறங்கறப்போ ஒரு அல அட்ச்சிது பாருங்க, பாட்டில் பொட்டி அப்டியே பாறைல வுழுந்து சுக்கு நூறாய்ட்ச்சி. ஒரு மணி நேரம்தான் டைம் குட்த்தான் கப்பல்காரன். வெறுங்கையோட வந்தா சார் வுடுவாரா? சோத்தக் கடல்ல கொட்டிட்டு டப்பால அள்ளிக்கினேன். ஒம்போது நாள் கப்பல்ல அதுலதான் கெடந்திச்சு. மெட்ராஸ் வந்தவொடனே, காலைல நீங்கள்லாம் வர்றதுக்கு மின்னாடி வந்து இங்க பாட்டில்ல மாத்திட்டேன். பர்மனன்ட் லிஸ்ட்ல என் பேரு கீதுக்கா. பாட்டில ஒட்ச்சிட்டான்னு எழுதினா போச்சு.”

ஒன்பது நாள். அவள் ரிஜிஸ்தரைப் பிரித்தாள். போன வருஷப் பக்கத்தில், ‘சேகரித்த கலம்: கண்ணாடிக் குப்பி’ என்று இருந்தது. அவள் கையெழுத்துத்தான். “எதுல எடுத்தே?” என்று அவள் கேட்டதும், “பாட்டில்லக்கா” என்று அவன் சொன்னதும் நன்றாக நினைவிருந்தது.

அன்றைக்கு அவள் கொண்டுவந்த தயிர்சாதம் அப்படியே இருந்தது. அந்த உப்பில் பாதி நவச்சாரம் என்று ஃபிலிம் பார்த்துச் சொன்னவளே அவள்தான். ஈயம் பூசுகிறவன் நவச்சாரத்தைத் தூவித்தானே பாத்திரத்து அழுக்கை அரித்து எடுப்பான்? தெருவில் உட்கார்ந்து அவன் பூசுவதை எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறாள்! ஈரமான நவச்சாரமும் எரிமலை அமிலமும் சேர்ந்து ஒன்பது நாள் எவர்சில்வரில் ஊறினால் என்ன ஆகும்? எவர்சில்வரில் இருப்பது இரும்பு, குரோமியம், நிக்கல். வேறென்ன வேண்டும்?

அதைவிட மோசமான ஒன்று அவள் நெஞ்சை அறுத்தது. பச்சை மணிகள் ஒட்டியிருந்த கட்டிகளுக்கெல்லாம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், வழவழப்பான தரையில் கிடந்ததுபோல. பச்சை அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பாறையில் ஏது அப்படித் தட்டை? இதை அவள் முதல் மாதமே பார்த்தாள். பார்த்துவிட்டு, என்னவோ இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இருபத்து நாலு வருஷம் அடுத்தவர் கல்லில் ஒரு தூசி இருந்தாலும் எழுந்து நின்று கேள்வி கேட்டவள், தன் பேர் வரப்போகிறது என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாதே. மிச்சம் இருந்த உப்பில் பச்சையே இல்லாத வெள்ளைக் கட்டிகளாகப் பொறுக்கி ஒரு சீசாவில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பரணிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை இறக்கினாள். அவளுடைய வளைகாப்புக்கு வந்தது. ‘லோகநாயகி 3-9-65’ என்று வெட்டியிருக்கும். இத்தனை நாள் கோலப்பொடி இருந்தது அதில்.

“அதை ஏன் எடுக்கறே? புது டப்பா கீழேயே இருக்கே” என்றார் சுப்ரமணியன்.

“புதுசைக் கெடுப்பானேன்.”

“கெடுக்கறதுக்கா டப்பா?”

அவள் கோலப்பொடியை ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டு டப்பாவைத் துடைத்தாள். உப்பைப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். ஒன்பது நாள். தினமும் அரிசி எடுக்கும்போது அந்த டப்பா கண்ணில் படும். ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று ஒரு நாள் வேண்டிக்கொள்வாள். மறுநாள், சீ, என்ன கேவலமான வேண்டுதல் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். வெளியே மழை கொட்டித் தீர்த்தது. பஸ் இல்லாத இரண்டு நாள் நடந்தே போனாள். கால்வலியில் எதையும் யோசிக்காமல் இருக்க முடிந்தது, அந்த மட்டில் நல்லது.

பத்தாம் நாள் காலையில் டப்பாவைத் திறந்தாள். கட்டிகளைப் புரட்டினாள். தட்டையான பக்கத்தில், ரவையைவிடச் சிறிதாக, பச்சை.

ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஃபிலிம் எடுத்தாள். பழைய ஃபிலிமையும் புதியதையும் விளக்குப் பெட்டியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். கோட்டின் மேல் கோடு, ஒன்று பிசகவில்லை. அத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக இரண்டு ஃபிலிம் பொருந்தி அவள் பார்த்ததில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று வாய்விட்டே சொன்னாள்.

இயக்குநர் பத்ரிநாராயணன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் களைத்த மனுஷர்தான், சும்மா சொல்லக் கூடாது.

“லோகநாயகி, உலகத்துல மூவாயிரத்துச் சொச்சம் கனிமம் இருக்கு. அதோட இது ஒண்ணு. யாரு அந்தத் தீவுக்குப் போய் சரிபார்க்கப் போறா?”

“சார், மனுஷன் செஞ்சது கனிமம் ஆகாது. இதை நான் அரிசி டின்னுக்குப் பின்னாடி செஞ்சேன்.”

“ரெண்டு மாசத்துல ஓட்டு முடிஞ்சுடும். உங்களுக்கு ஆய்வாளர் பதவிக்கு நான் எழுதறதா இருந்தேன், தெரியுமோ? பென்ஷன் வரைக்கும் நின்னு பேசும்.”

தெரியும். அதனால்தான் “வேண்டாம் சார்” என்று சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

“டப்பாவில போட்டவன் அந்த சவுரிமுத்துதானே? அவனை நான் கவனிச்சுக்கறேன்.”

“ரிஜிஸ்தர்ல கண்ணாடின்னு எழுதினது நான் சார். தட்டைப் பக்கத்தைப் பாத்துட்டுக் கேக்காம விட்டதும் நான்தான்.” அதோடு நிறுத்தவில்லை அவள்: “அப்புறம், நேர்ல சேகரிச்சது நீங்கன்னு எழுதியிருக்கோம். சவுரிமுத்துவை விசாரிச்சா அதையும் சேர்த்து விசாரிப்பாங்க.”

இருபத்து நாலு வருஷத்தில் அவள் ஓர் அதிகாரியிடம் இப்படிப் பேசியதில்லை. பத்ரிநாராயணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே டைப்ரைட்டிங் பள்ளிக்கூடத்தில் பத்துப் பதினைந்து மிஷின் ஒரே சமயத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது.

“நான் வாபஸ் கடுதாசில கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க எழுதணும்னா உங்க பேர்ல எழுதிக்கோங்கோ.”

எழுதினாள். கீழே போய்த் தானே டைப் அடித்தாள். இன்ன பொருள் எரிமலை ஆவியில் உண்டானது அல்ல. எடுத்துவந்த எவர்சில்வர் கலத்தில் உண்டானது. அதே முறையில் மறுபடி செய்து பார்த்ததில் அதே கோடுகள் கிடைத்தன. கலத்தைப் பற்றிய பதிவில் உள்ள தவறு என்னுடையது. கீழே ஒரே கையெழுத்து. தாம்பரம் தபாலாபீசில் குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்று பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். வீட்டில் சுப்ரமணியனிடம் சொன்னபோது அவர் முதலில் கோபித்தார். “காலனியில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?” என்றார். அப்புறம் அவள் காலைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தைல பாட்டிலை எடுத்துவந்தார்.

மாசி மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு மெல்லிய கவர் வந்தது. நாலு வரிக் கடிதம், கூடவே குழுவின் அறிக்கையில் ஒரு பக்கம். வாபஸ் பெற்ற விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. எதிரே, ‘எல். லோகநாயகி, தாம்பரம்’. வேறு பேரே இல்லை. கடிதத்தில் டாக்டர் லோகநாயகி என்று வேறு எழுதியிருந்தார்கள். அச்சில் அவள் பேர் தனியாக வந்த ஒரே காகிதம் அதுதான். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்கிற காகிதம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதை ரிஜிஸ்தருக்குள் வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் சவுரிமுத்து புது பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தான். பொங்கலுக்கு அவனுக்கு பர்மனன்ட் ஆகியிருந்தது.

“யக்கா, அந்தப் பச்ச உப்புக்கு இன்னா பேரு வச்சாங்க? ஊர் பேருதான்னு சொல்லிகினு இருந்தாங்களே.”

“பேரு வைக்கலப்பா. வாபஸ் வாங்கியாச்சு.”

அவன் கை சோற்றிலேயே நின்றது. மூளை இல்லாதவன் இல்லையே அவன். டப்பாவை வாங்கி அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தது, அப்புறம் அவளுடைய டப்பா ஒன்று ஆய்வுக்கூட அலமாரிக்கு வந்தது, எல்லாம் பார்த்தவன்தான்.

“என் டப்பாவாலயாக்கா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டுமே.

“ஆமா. நீ பாட்டில்னு சொன்னே. நான் தட்டைப் பக்கத்தைப் பாத்தும் கேக்கல. ஆளுக்குப் பாதி.”

சவுரிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. “அப்போ என்ன ஏன்க்கா காட்டிக் குடுக்கல?”

“தீவுல எறங்கினவன் நீ ஒருத்தன்தானேப்பா” என்றாள் லோகநாயகி. “சாப்பிடு. ரெண்டு மணிக்கு அடுத்த கல்லு வருது.”

அவன் சாப்பிடவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து அவளுடைய டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்தான். உள்ளே அரித்துப் போயிருந்தது. வெளியே விளிம்பில் பேர் அப்படியே இருந்தது. வேட்டி நுனியால் அந்தப் பேரை அவன் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் பேரைத் துடைத்துவைத்த முதல் ஆள் அவன்தான்.